பாட்டுக்கு முன் பத்திரம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவை. ஐந்தும், இன்னும் வெளிவராத ஒரே சொல்லிசை (ராப்) தொகுப்பைப் பற்றியவை. எழுதியவர்களில் சிலருக்கு, மற்றவர்களும் எழுதியிருப்பது தெரியாது என்றே தோன்றுகிறது. பெயர்களை நீக்கிவிட்டு ஐந்துக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். ஒருவருக்குச் சொல்வது அடுத்தவருக்கும் வேண்டியதாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கோலாலம்பூரில் பல ஆண்டுகள் பிறருக்குப் பீட் (சொல்லிசைக்கான தாள இசை) செய்து கொடுத்தேன். ஒரு நிறுவனம் நான் செய்த இசையைப் பல பாடல்களில் வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட பாடல்களில் என் பெயர் இல்லை. எழுத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளாததால் கேட்கவும் வழியில்லை. இப்போது ஊருக்கே திரும்பி, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அப்பா வாங்கிய வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருக்கிறேன். சொந்தமாக ஒரு லேபல் (இசை வெளியீட்டு நிறுவனம்) தொடங்கி, இந்த வட்டாரத்துச் சொல்லிசைக் கலைஞர்கள் ஒன்பது பேரைப் பாட வைத்துப் பதினான்கு பாடல்கள் கொண்ட தொகுப்பை முதல் வெளியீடாகக் கொண்டுவர நினைக்கிறேன். கையில் எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. இரண்டு பாடல்களில் பழைய திரைப்பாடல்களை வெட்டிச் சேர்த்திருக்கிறேன். எல்லாரும் தெரிந்த பையன்கள் என்பதால், ஒப்பந்தம் என்று பேச்சை எடுத்தால் உறவு கெட்டுவிடுமோ என்று தயங்குகிறேன். தொகுப்போடு தொடங்குவது சரியா, என் பெயரில் தனி ஆல்பம் போடுவது மேலா?

தொகுப்போடு தொடங்குவதே சரி. தனி ஆல்பம் போட்டாலும் நீங்கள் பாடப்போவதில்லை. குரலுக்கு இதே பையன்களிடம்தான் போய் நிற்பீர்கள். பீட் செய்பவருடைய கைவரிசை, ஒன்பது விதமான குரல்களை ஓர் ஓசைக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் நன்றாகத் தெரியும். நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த மார்லி மார்ல், 1988இல் தம் பெயரில் வெளியிட்ட ஆல்பத்தில் இதைத்தான் செய்தார். ஜூஸ் க்ரூ என்ற தம் கூட்டத்துப் பாடகர்களை வரிசையாக நிறுத்திவிட்டு, இசையைத் தம் கையில் வைத்துக்கொண்டார். அதில் நால்வர் ஒரே பீட்டில் ஒருவர் பின் ஒருவராக வந்து பாடிய பாட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நம் நாட்டிலும் 1990களில் பல மொழிகளில் பாடிய பொயட்டிக் அம்மோவும் சரி, 2006இல் தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்த யோகி பியும் நட்சத்ராவும் சரி, கூட்டமாகவே மேடை ஏறியவர்கள். மலேசியச் சொல்லிசை தனி ஆளாக வளர்ந்ததில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் பதினான்கு பாடல்கள் அதிகம். ஆளுக்கு ஒன்று, எல்லாரும் சேர்ந்து ஒன்று, ஆகப் பத்தோடு நிறுத்துங்கள். நண்பர்களின் தொகுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் யாரையும் மனம் நோகச் செய்ய முடியாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால்தான். நீக்கப்படும் நான்கு பாடல்கள் யாருடையவை என்று முடிவு செய்வது சங்கடமான வேலை. லேபல் நடத்துபவரின் முதல் வேலையும் அதுவே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேரையும் உங்கள் அறைக்கே வரவழைத்து ஒரே மைக்கில் பதிவு செய்யுங்கள். ஒருவர் தம் படுக்கையறையில் பதிந்து வாட்சப்பில் அனுப்பிய குரலும், இன்னொருவர் காரில் உட்கார்ந்து பதிந்த குரலும் அடுத்தடுத்து வந்தால், மாஸ்டரிங் என்னும் கடைசி ஒலிச் செப்பத்தில் எவ்வளவு போராடினாலும் அது ஒரே ஆல்பமாகக் கேட்காது.

இனி, நீங்கள் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக மற்றவர் ஒரு படைப்பைச் செய்து கொடுத்தால், அதற்கு மாறான ஒப்பந்தம் இருவருக்கும் இடையே இல்லாதபோது, பதிப்புரிமை கேட்டவருக்கு மாறிவிட்டதாகவே சட்டம் கருதும். கோலாலம்பூரில் உங்கள் பீட்டுகள் உங்கள் கையைவிட்டுப் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தத் தொகுப்பில் கேட்பவர் நீங்கள். எழுதிக் கொடுப்பவர்கள் அந்தப் பையன்கள். வாய்ப்பேச்சாகவே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டால், உங்கள் இசையை விழுங்கிய அதே பிரிவு இந்த முறை அவர்களுடைய வரிகளைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டுவிடும். நீங்கள் அதை விரும்பவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அப்படியானால் அதை எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 27ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பதானாலும், பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுப்பதானாலும், எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஆகவே ஒப்பந்தம் என்று நான் சொல்லும் காகிதம், முதலில் உங்களிடமிருந்து அவர்களைக் காப்பதற்கானது. பேச்சை இந்தக் கோணத்தில் எடுத்துப் பாருங்கள். எந்த உறவும் கெடாது.

உங்கள் பழைய கணக்கைப் பற்றியும் ஒரு சொல். கேட்கவும் வழியில்லை என்கிறீர்கள். பதிப்புரிமை கைமாறியிருந்தாலும், படைத்தவர் தம் பெயரால் அறியப்படும் உரிமையை 25ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. நீங்கள் அனுப்பிய கோப்புகளும் அவற்றின் தேதிகளும் பழைய மடிக்கணினியிலும் மின்னஞ்சலிலும் இருந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் வராமல் போகலாம், பெயராவது வரக்கூடும்.

தொகுப்புக்கான காகிதம் நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரு பாட்டில் உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன என்பதை முதலில் எழுதுங்கள்: வரிகள் ஒன்று, இசை ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. வரிகள் எழுதியவருக்கே சொந்தம் என்றும், இசை உங்களுக்குச் சொந்தம் என்றும், பாட்டாக வரும் வருமானத்தில் இருவருக்கும் சரிபாதி என்றும் எழுதுவது ஹிப் ஹாப்பில் பழகிய வழக்கம். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே சட்டம் அதன் உரிமையாளராகப் பார்க்கும், அது நீங்கள்தான். அதில் வரும் பணத்தில் செலவுபோக மீதியைப் பாடியவரோடு சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செலவு என்றால் எது என்பதையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்: மாஸ்டரிங், அட்டைப்படம், விநியோகக் கட்டணம். ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் கொடுத்ததையெல்லாம் செலவுக் கணக்கில் ஏற்றும் லேபல்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களை வைத்துத் தனி இதழே போடலாம்.

தெரிந்தவர்களிடம் காகிதம் நீட்டுவது அவமதிப்பு என்ற எண்ணம் உங்கள் ஊருக்கே பொருந்தாது. பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கிய காலத்தில், உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். பக்கத்து லயத்துக்காரர்களும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சம்பந்திகளுமாக இருந்தவர்கள்தாம் அவர்கள். ஆனாலும் ஆளுக்கு ஒரு பங்குக்கான காகிதம் இருந்தது. எத்தனையோ வீடுகளில் அது சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கும். உங்கள் ஒன்பது பேரில் சிலருடைய தாத்தாக்களும் அதில் கையெழுத்து வைத்தவர்களாக இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

திரைப்பாடல்களை வெட்டிச் சேர்த்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். பழைய திரைப்பாட்டுக்கும் பாட்டின் உரிமை, பதிவின் உரிமை என்று இரண்டு உண்டு. அவை இருவேறு கைகளில் இருக்கலாம். சில பாடல்கள் யாருக்குச் சொந்தம் என்பதில் இசையமைப்பாளர்களும் நிறுவனங்களும் சென்னையில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். 1991இல் அமெரிக்காவில் கில்பர்ட் ஓ'சல்லிவன், தம் பாட்டை அனுமதியின்றி எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் மீது தொடுத்த வழக்கில், நீதிபதி தம் தீர்ப்பையே ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். அதன்பிறகு ஹிப் ஹாப்பில் பழைய பதிவிலிருந்து சாம்பிள் (துண்டு) எடுக்கும் முறையே மாறிப்போயிற்று. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தனிப்பாட்டின் மீது புகார் வந்தால் அந்தப் பாட்டோடு போகும். தொகுப்பில் ஒரு பாட்டின் மீது வந்தால் மொத்த ஆல்பமும் இறக்கப்படலாம். தவறு செய்யாத எட்டுப் பேரின் பாட்டும் அதோடு போகும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேபலின் பெயரை எஸ்எஸ்எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதிவு செய்ய ஆண்டுக்கு 60 வெள்ளிதான். முதலில் அதைச் செய்யுங்கள். மாஸ்டரிங்கை நீங்களே செய்யாமல் இன்னொருவர் காதுக்குக் கொடுங்கள். பத்துப் பாட்டுக்கும் வீடியோ எடுக்கும் ஆசை வரும். ஒன்றே ஒன்று போதும்.

நான் இருபத்து மூன்று வயதுப் பெண். ஈப்போவில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் வெளியிடும் தொகுப்பில் ஒன்பது பேரில் நான் ஒருத்திதான் பெண். என் பாட்டை நான் ஏற்கெனவே எழுதி, மேடைகளில் பாடியிருக்கிறேன். அவர் அதற்குப் புதிய இசை போட்டிருக்கிறார். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆல்பம் ‘பலர்’ என்ற பெயரில்தான் வெளிவரும் என்கிறார். மேலும் ஓர் ஆண்டுக்கு நான் வேறு எங்கும் பாட்டு வெளியிடக் கூடாது என்றும் கேட்கிறார். என் பெயர் காணாமல் போய்விடுமா?

ஆல்பத்தின் மேல் ‘பலர்’ என்று இருப்பதில் தவறில்லை. தொகுப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஒவ்வொரு பாட்டின் மேலும் யாருடைய பெயர் முதன்மைக் கலைஞராக இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டில் அது உங்கள் பெயராக இருக்க வேண்டும். அவர் பெயர் இசைத் தயாரிப்பாளர் என்ற இடத்தில் வரட்டும். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் உங்கள் பெயரைத் தேடினால் இந்தப் பாட்டு உங்கள் பக்கத்தில் வந்து நிற்பதும், வேறு யாருடைய பக்கத்திலோ போய் ஒட்டிக்கொள்வதும், பாட்டுக் கோப்பை இணையத்தில் ஏற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். உங்கள் பெயரின் எழுத்துகளை ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒரு வெளியீட்டில் ஓர் ‘எச்’ கூடி, அடுத்ததில் குறைந்தால் இருவேறு பாடகிகளாகிவிடுவீர்கள்.

உங்கள் வரிகள் அவர் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவர் கேட்டு எழுதியவை அல்ல என்பதால், மேலே சொன்ன 26ஆம் பிரிவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அதை நிறுவ ஏதாவது கையில் இருக்க வேண்டும். மேடையில் பாடிய வீடியோவைத் தேதியோடு சேமித்து வையுங்கள். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம், தாமாக முன்வருபவர்களின் படைப்புகளைப் பதிந்துகொள்ளும் ஏற்பாட்டை 2012இலிருந்து நடத்திவருகிறது. விரும்பினால் அதையும் செய்யலாம். பதிப்புரிமை நீங்கள் எழுதிய அன்றே வந்துவிட்டது. இது அதற்கு ஒரு சான்று. எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 50 ஆண்டுகள் நிற்கும் உரிமை அது. ஓர் அண்ணனின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடியது அன்று. வரிகளும் மெட்டும் எழுதுபவர்கள் எம்ஏசிபி என்னும் அமைப்பில் உறுப்பினராகலாம். வானொலியிலும் பொது இடங்களிலும் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்குச் சேர வேண்டிய தொகையை வசூலிப்பது அவர்கள்தாம். மின்னல் எஃப்எம் வானொலியில் உங்கள் பாட்டு ஒருநாள் வரலாம். அதற்குப் பிறகு விண்ணப்பப் படிவத்தைத் தேடாதீர்கள்.

ஓர் ஆண்டு வேறெங்கும் வெளியிடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு பாட்டை அவரைத் தவிர வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்வது நியாயம். உங்கள் குரலையே ஓராண்டு பூட்டி வைப்பதற்கு, அவர் உங்களுக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்கவில்லை. அண்ணன் என்றே அழைத்து, மரியாதையாகவே மறுத்துவிடலாம். அதற்குப் பதிலாக அவரிடம் வேறொன்றைக் கேளுங்கள்: தொகுப்பு வருவதற்கு முன்னால் உங்கள் பாட்டைத் தனிப்பாட்டாக, உங்கள் பெயரில், முதலில் வெளியிடச் சொல்லுங்கள். பிறகு தொகுப்பில் சேர்க்கும்போது அதே பதிவையும், ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் ஐஎஸ்ஆர்சி என்னும் அதே பன்னிரண்டு எழுத்து எண்ணையும் பயன்படுத்தினால், தனிப்பாட்டுக்குச் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை தொகுப்பிலும் தொடரும். 2024இலிருந்து ஸ்பாட்டிஃபை, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் பதிவுத் தொகை கொடுக்கிறது. புதிய பெயர்களுக்கு அந்த ஆயிரம் எளிதன்று. ஒரே பாட்டின் எண்ணிக்கையை இரண்டாகச் சிதறவிடாதீர்கள்.

நான் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் வாசிக்கும் குழுவின் தலைவர். ஒரு தம்பி வந்து, ஒருநாள் மாலை வாசித்துக் கொடுங்கள், குழுவுக்கு ஐந்நூறு வெள்ளி தருகிறேன், பதிவு செய்துகொள்கிறேன் என்றார். எந்தப் பாட்டுக்கு என்று கேட்டேன். பாட்டுக்கு இல்லை, தனித்தனி அடியாக வாசித்தால் போதும், பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வேன் என்கிறார். இது சரியா?

ஐயா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. தனித்தனி அடி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1980களின் நடுவில் மார்லி மார்ல், ஒரு பழைய பாட்டிலிருந்து குரலைப் பிடிக்கப்போய், தற்செயலாக டிரம்மின் ஒற்றை அடி மட்டும் பதிவானதாம். அதைத் தனியே தட்டிப் பார்த்தவர், இனி எந்த அடியையும் எடுத்துத் தம் விருப்பம்போல் அடுக்கிப் புதிய தாளம் கட்டலாம் என்று கண்டுகொண்டார். இன்று ஹிப் ஹாப் செய்பவர்களில் பெரும்பாலோர் அந்த முறையில்தான் வேலை செய்கிறார்கள். ஆகவே நீங்கள் ஒரு மாலையில் கொடுக்கும் நாற்பது ஐம்பது அடிகளையும் உறுமல்களையும் கொண்டு, அந்தத் தம்பி இந்தத் தொகுப்பு மட்டுமன்றி, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வேண்டிய தாளங்களைக் கட்டலாம். ஐந்நூறு வெள்ளி ஒரு மாலை வாசிப்புக்கு உரிய கூலியாக இருக்கலாம். பத்து ஆண்டுத் தாளத்துக்கு அது விலையாகாது.

வாசிப்பவருடைய சம்மதம் இல்லாமல் நேரடி வாசிப்பைப் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சம்மதம் கொடுத்துப் பதிவானபின் உங்கள் கை தாழ்ந்துவிடும்; கொடுப்பதற்கு முன் உங்கள் கையே மேல். ஆகவே மைக் வைப்பதற்கு முன் பேசிவிடுங்கள். இந்தத் தொகுப்புக்கு மட்டும் என்றால் இன்ன தொகை. அதற்குப் பிறகும் பயன்படுத்தினால் பாட்டுக்கு இன்ன தொகை. அடிகளைத் தொகுத்து வேறு தயாரிப்பாளர்களுக்கு விற்பதானால் உங்கள் அனுமதி வேண்டும். குழுவின் பெயர் எல்லா இடத்திலும் வர வேண்டும். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி, நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தத் தம்பிக்கும் இங்கே சில சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தனி அடிகளோடு நின்றுவிடாதீர்கள். உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் அந்த உறுமலை எழுப்புவார்கள். குச்சியின் அழுத்தம் கூடக் கூட ஓசை மேலேறும், தளரும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பக்கத்தில் இருப்பவரின் பம்பைக்கும் தவிலுக்கும் பதில் சொல்லியே நடக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டினால் கிடைப்பது வெறும் சத்தம். குழு முழுவதும் சேர்ந்து திஸ்ர நடையில் வாசிப்பதை நீளமாகப் பதியுங்கள். மும்மூன்றாக ஓடும் அந்த நடை, இன்றைய சொல்லிசைக்காரர்கள் வரிகளை உதிர்க்கும் வேகத்துக்கு அப்படியே பொருந்தும். தேய்க்கும் முகத்துக்கு ஒரு மைக், அடிக்கும் முகத்துக்கு ஒரு மைக் வையுங்கள்; தேய்க்கும் பக்கத்து மைக்கை ஒரு சாண் தள்ளிச் சற்றே சாய்த்து வைத்தால், குச்சியின் கரகரப்பு குறைந்து தோலின் ஓசை கிடைக்கும். கோயில் மண்டபத்தின் தகரக் கூரை ஓசையைத் திருப்பி அடிக்கும் என்பதால் மேலே பழைய கம்பளிகளைக் கட்டுங்கள். வானம் கறுத்தால் அன்று பதிவே வேண்டாம். பதிந்த ஓசைகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் வரும் சிக்கல் வேறு. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 மின்னணுத் தாளக் கருவியின் அந்த நீண்ட பேஸ் ஓசையை நீங்கள் விடப்போவதில்லை. உறுமலும் அதே அடித்தளத்தில்தான் நெளிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நெளிந்தால் காதுக்குக் கிடைப்பது சகதி. உறுமி பேசும் இடத்தில் 808ஐ வாய்மூடி இருக்கச் சொல்லுங்கள். அதை அடக்க மனமில்லாதவர், உறுமியை அழைக்காமல் இருப்பதே மரியாதை.

என் மகனுக்குப் பதினேழு வயது. இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறான். எங்கள் தாமானில் ஒரு வீட்டில் பாட்டுப் பதிவு என்று மாலையில் போகிறான். ராப் என்றாலே ரவுடிக் கூட்டம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அனுமதிக்கலாமா?

உறவினர்கள் சொல்வதை ஒதுக்கிவிட்டு, மகன் எழுதிய வரிகளை வாங்கிப் படியுங்கள். கும்பல் பெருமையும் குடியும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அத்தகைய பாட்டை எந்த வானொலியும் தொடாது என்பதை அவனும் அறிவான். அப்படி எதுவும் இல்லையென்றால், தமிழில் எதுகை மோனை தேடிக் கண்விழிக்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. தேர்வு முடியும்வரை வார இறுதியில் மட்டும் போகட்டும்.

ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். நம் நாட்டில் பதினெட்டு வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி பெற்றவர் அல்லர் என்பதால், அவன் போடும் கையெழுத்து செல்லாது. அதனால் அவனுக்கும் பாதுகாப்பில்லை; லேபலுக்கும் பாதுகாப்பில்லை. குரலைப் பதிந்து வைக்கட்டும். பிறந்தநாள் கழிந்தபின், நீங்கள் பக்கத்தில் இருந்து படித்துப் பார்த்து, அவன் கையெழுத்திடட்டும். அதுவரை அவனுடைய பாட்டை வெளியிடக் கூடாது என்று அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், புரிந்துகொள்வார்.

எங்கள் ஊர்த் தொகுப்பைத் தீபாவளிக்கு வெளியிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறோம், தயாரிப்பவர் தயங்குகிறார். சிடி அடிப்பதா வேண்டாமா என்றும் விவாதம் நடக்கிறது.

தயாரிப்பவர் தயங்குவதே சரி. தீபாவளிக்குத் திரைப்பாடல்களும் பெரிய நிறுவனங்களின் பண்டிகைப் பாடல்களும் வானொலியை நிறைத்துவிடும். புதிய லேபலுக்கு அங்கே இடம் கிடைக்காது. மேலே அந்தத் தந்தைக்குச் சொன்ன பதினெட்டு வயதுக் கணக்கும் சேர்வதால், அடுத்த ஆண்டு தைப்பூசம் கழிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் திருவிழாக்கள் தொடங்கும் பருவத்தில் உறுமி ஒலிக்கும் பாட்டு கையில் இருந்தால், அதை ஒலிபரப்ப ஆள் தேட வேண்டியதில்லை. சிடி அடிப்பது வீண். ஊரில் இன்னும் பென்டிரைவில் பாட்டுக் கேட்கும் லோரி ஓட்டுநர்கள் இருப்பதால், வெளியீட்டு நாளில் அதில் வேண்டுமானால் கொஞ்சம் போட்டு விற்றுப் பாருங்கள்.

முதல் தனிப்பாட்டாக, ஈப்போவில் வேலை செய்யும் அந்தப் பெண்ணின் பாட்டைப் போடச் சொல்லுங்கள். கோப்பை மூன்று வாரம் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள்; ஸ்பாட்டிஃபையின் தொகுப்பாளர்களிடம் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகவே அது அங்கே இருந்தாக வேண்டும். ஒன்பது பேரும் சேர்ந்து பாடுவதை இரண்டாவதாகவும், தொகுப்பை அதற்கு ஒரு மாதம் கழித்தும் வெளியிடலாம்.